குழாய்க்குப் போன கை

பட்டறையில் எனக்கு வைத்திருக்கும் பேர் கடுகு. சிறுத்தாலும் காரம் போகாது என்று யாரோ ஆரம்பித்தது, வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. எனக்கு மூக்கின்மேல் கோபம் என்பார்கள். என் வேலைக்கு அது அங்கே இருப்பதுதான் வசதி. கடைந்து முடித்த ஒவ்வொரு இரும்புத் தண்டும் என் மேஜைக்கு வரும். நான் அளந்து சரி என்றால்தான் பெட்டிக்குள் போகும். ஒரு தலைமுடிப் பருமன் கூடியிருந்தாலும், கடைந்தவர் யார் என்று பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என் அண்ணன் கடைந்ததை மட்டும் திருப்பி அனுப்ப எனக்குச் சந்தர்ப்பமே கிடைத்ததில்லை. அவன் பட்டறையின் பெரிய லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், நிற்பவன். அவன் அனுப்புகிற தண்டை அளக்கும்போதெல்லாம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தங்கைக்கே உரிய நல்லெண்ணத்தோடு பார்ப்பேன். கிடைக்காது. அது ஒரு எரிச்சல்.

அப்படிப்பட்டவன் கைகள் இரண்டு வருடமாக வெந்துகொண்டிருந்தன. லேத்தில் தண்டு சுழலும்போது, வெட்டுகிற முனையில் சூடு ஏறும். அதைத் தணிக்க ஒரு குழாயிலிருந்து பால் மாதிரி வெள்ளையாகக் கூலன்ட் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் எண்ணெயும் இன்னும் என்னென்னவோ மருந்தும் கலந்த சரக்கு அது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் தேங்கிக் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பம்பைப் போட்டதும் அழுகின முட்டை வாசம் பட்டறை முழுக்க எழும்பும். அந்தத் தண்ணீர்தான் அண்ணனின் கைகளில் நாள் பூராவும் தெறிக்கும். முதலில் அரித்தது, பிறகு சிவந்தது, பிறகு விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. கையுறை போடலாமே என்று வெளியாள் கேட்பார்கள். சுழலுகிற லேத்தில் கையுறை போட்டால் துணி மாட்டிக் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

தோல் வைத்தியர் வளவளவென்று பேசவில்லை. "அந்தத் தண்ணிய விடுங்க, இல்ல இந்தத் தோல விடுங்க" என்றுவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணனை வீட்டுக்கு அனுப்பாமல், ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை தருகிறேன் என்றார். அதைக் கேட்ட அன்று அண்ணன் லேத்தைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த லேத்தை மறுபடியும் துடைத்தான். நான் போய்ச் சூப்பர்வைசரிடம் காரணமில்லாமல் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இரும்பை வெட்டுவதைப் பற்றிய ஆராய்ச்சி. இதில் ஆராய என்ன இருக்கிறது, வெட்டினால் வெட்டுப்படுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் பட்டறைக்கு அவள் முதன்முதலாக வந்தபோது கேட்டது ஒரு சாக்கு இரும்புச் சுருள். லேத்தில் உரிந்து விழுகிற குப்பை. குப்பை கேட்டு வந்த பெண்ணைப் பட்டறையே வேடிக்கை பார்த்தது. அண்ணன் மட்டும் அடுத்த முறை அவள் வருவதற்குள், சுருள்களை நிறம் நிறமாகப் பிரித்துப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தான். வெள்ளி ஒன்றில், வைக்கோல் நிறம் ஒன்றில், பழுப்பு ஒன்றில். நீலம் எப்போதாவதுதான் விழும், கூலன்ட் அடைத்துக்கொண்டு சூடு மீறினால். அதையும் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்திருந்தான்.

"நிறம் பிரிச்சு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாளாம்.

"தெரியாதுங்க. பாக்க நல்லா இருந்துச்சு" என்றானாம் இவன்.

இந்த ஒரு பதிலுக்கு மயங்கி ஒருத்தி கல்யாணம் வரைக்கும் வருவாளா என்று கேட்டால், வந்தாள். படித்த பெண் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தேன். நாத்தனார் என்றால் சும்மாவா? சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல ரெண்டாவது சொன்னது நியாயம். மத்தது கோவம்" என்பாள். இப்படிப் பதில் சொல்கிறவளிடம் எத்தனை நாள் சண்டை போடுவது? கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் தெருவென்றும் பார்க்காமல் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். பின்னால் நான் தலையில் அடித்துக்கொண்டு வருவேன்.

கை வெடிக்க ஆரம்பித்த பிறகு அண்ணன் கைகளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். டம்ளரை யார் கையிலிருந்தும் வாங்க மாட்டான், மேஜையில் வைத்தால் பிறகு எடுப்பான். அண்ணியின் கையைத் தொடுவதில்லை. சொரசொரவென்று குத்தும் என்று வெட்கம். அவள் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து அவள் ஆராய்ச்சி எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியும்.

கூலன்ட் கொட்டாமலே வெட்டுவது என்று கிளம்பினாள். குழாய்க்குப் பதிலாக ஒரு மெல்லிய மூக்கு. அதிலிருந்து காற்று வரும், காற்றோடு இழை மாதிரி கொஞ்சம் தாவர எண்ணெய். ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு டம்ளர் எண்ணெய் போதும் என்றாள். தொட்டி தொட்டியாகக் கூலன்ட் வேண்டாம், அதைச் சுற்றவைக்கிற பம்புக்குக் கரண்ட் வேண்டாம், கெட்டுப்போனதைப் பீப்பாயில் அடைத்து எங்கே கொட்டுவது என்று முழிக்க வேண்டாம். "இது நான் கண்டுபிடிச்சது இல்ல கடுகு. பல பேர் செய்யறாங்க. ஆனா நம்ம இரும்புக்கு, நம்ம பழைய லேத்துக்கு, எந்த எண்ணெய், எவ்வளவு காத்து, என்ன வேகம்னு யாராவது உக்காந்து பாத்தாத்தானே தெரியும்" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தாள். அப்படி ஒரு உட்காரலை நான் கண்டதில்லை. சமைக்கப் போனால் எண்ணெய்ப் பாட்டில் இருக்காது, ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருக்கும். அவள் உடுப்பிலிருந்து ஒரு நாள் பொரித்த வாசம் வரும், இன்னொரு நாள் கருகின வாசம் வரும். முனை தேய்ந்ததா, எந்தப் பக்கம் தேய்ந்தது, சூடு எங்கே போனது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். சரியாக வந்த பிறகும் நம்பவில்லை, முதலிலிருந்து மறுபடி செய்தாள். எண்ணெய்ப் புகையை உறிஞ்ச லேத்தின் தலைமேல் ஒரு குழல் வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தாள். "கையக் காப்பாத்திட்டு நெஞ்சக் கெடுத்தா என்ன பிரயோஜனம்?" என்றாள். பதறாத காரியம் சிதறாது என்று நாமும்தான் சொல்கிறோம். சொல்லிக்கொண்டே பதறுகிறோம். அவள் பதறவில்லை.

சூட்டைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடமே எடுத்தாள். "சுருள் நீலமா வந்தா பயப்படாதீங்க. சூடு தண்டுலயும் தங்கல, முனையிலயும் தங்கல, சுருளோட கிளம்பிப் போகுதுன்னு அர்த்தம். நீலம் நமக்கு நல்ல நிறம்." அண்ணன் தலையை ஆட்டினான். ஆட்டிய தலை அது. கை வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதலாளி ஒரு ஷிப்டுக்கு அனுமதி கொடுத்தார். அவரும் இளமையில் லேத்தில் நின்று மேலே வந்தவர், இரும்பு தெரிந்தவர். அதனால் நிபந்தனைகளும் இரும்பாகவே இருந்தன. "மூக்கைக் காந்தத்துல ஒட்டிக்கோங்க, கூலன்ட் குழாய மூடி வச்சாப் போதும், மெஷின்ல எதையும் கழட்டக் கூடாது. நாளைக்கே பழையபடி ஓடணும். டாக்டரம்மா பக்கத்துல நிக்கக் கூடாது. சாதாரண நாள் மாதிரி நடக்கணும். ஒரு டிப் சாப்பாட்டு மணி வரைக்கும் தாங்கணும், கூலன்ட்ல தாங்கற மாதிரி. தாங்குச்சுன்னா இவன் லேத்துலயே நிக்கட்டும். இல்லாட்டி திங்கட்கிழமை ஸ்டோர்."

டிப் என்பது வெட்டுக்கருவியின் நுனியில் மாட்டுகிற நகத்தளவு, இரும்பைவிடக் கடினமான கார்பைடு துண்டு. டாக்டரம்மா என்பது அண்ணி. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் என்று யாரோ சொல்லப்போக, வாசல் காவல்காரர் மறுநாளே வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். அவளும் விரட்டவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது இரும்பா இருந்தா எண்ணெய் போடுங்கன்னு சொல்லுவேன். நீங்க நல்ல டாக்டரா பாருங்க" என்று அனுப்பினாள்.

சோதனை நாள் காலையில் அண்ணி என் அளவு அறையில் உட்கார்ந்திருந்தாள். லேத் சுவருக்கு அந்தப் பக்கம். சத்தம் கேட்கும், பார்க்க முடியாது. முதல் தண்டு வந்தது. கையில் எடுத்ததும் வெதுவெதுப்பாக இருந்தது. கூலன்டில் கடைந்த தண்டு எப்போதும் சில்லென்று, வழவழவென்று, செத்த மீனைத் தொட்டது போலிருக்கும். இது காய்ந்து, சுத்தமாக, அப்போதுதான் பிறந்தது மாதிரி இருந்தது. சூட்டோடு அளந்தால் அளவு கூடக் காட்டும். அதனால் ஆறவைத்து அளந்தேன். குறை தேடினேன். இல்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"இருக்கு" என்றேன். அதற்கு மேல் சொன்னால் என் பேருக்கு இழுக்கு.

அவள் சிரித்தாள். ஆனால் மடியில் அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. அடுத்தடுத்துத் தண்டுகள் வந்தன, எல்லாம் அளவில் நின்றன. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டோருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான், சுவருக்கு அப்பால் கிறீச்சென்று ஒரு சத்தம். பல்லைக் கூசவைக்கும் சத்தம். லேத் நின்றது.

அண்ணன் உள்ளங்கையில் டிப்பை ஏந்திக்கொண்டு வந்தான். அதன் ஓரம் உடைந்து போயிருந்தது. தண்டில் ஆழமாக ஒரு கீறல். சாப்பாட்டு மணிக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. அவன் அண்ணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டிப்பை மேஜையில் வைத்துவிட்டு, கைகளைப் பையில் விட்டுக்கொண்டு வெளியே போனான்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "வருத்தப்படாதீங்க டாக்டரம்மா. உங்க இடத்துல ஓடறது வேற, பட்டறையில ஓடறது வேற. சாப்பாட்டுக்கு அப்புறம் பேசி முடிச்சுக்கலாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அதிகம் வலித்தது.

அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்து, உடைந்த டிப்பை அதன் கீழே வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "கடுகு, இங்க பாரு" என்றாள்.

பார்த்தேன். உடையாமல் மிச்சமிருந்த ஓரத்தில், சீப்பின் பல் மாதிரி வரிசையாகக் குறுக்கே வெடிப்புகள்.

"சூட்டுல தேஞ்சிருந்தா பக்கவாட்டுல வழவழன்னு தேஞ்சிருக்கும். இது தேயல. சூடாகி, திடீர்னு குளிர்ந்து, திரும்பச் சூடாகி, திரும்பக் குளிர்ந்திருக்கு. கொதிக்கிற கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"அதான் ஆயிருக்கு."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் நாற்காலி பின்னால் சரிய எழுந்தேன். குழாய். கூலன்ட் குழாயை அண்ணன் திறந்திருக்கிறான். திறந்து மூடி, திறந்து மூடி. ஒருத்தி இவன் கைக்காக மாதக்கணக்கில் எண்ணெய்ப் புகையில் வெந்திருக்கிறாள், இவன் தன் கையாலேயே அதில் தண்ணீரை ஊற்றியிருக்கிறான்.

"எங்க அவன்? இப்பவே கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டு வந்து முதலாளி முன்னாடி நிறுத்தறேன்."

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு."

"என்ன உக்காரு? உங்க முறை தப்பு இல்ல அண்ணி. சொல்லுங்க, இவன்தான் கெடுத்தான்னு சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆகும்? என் முறை ஜெயிச்சிடும். இவ்வளவு வருஷமா லேத்துல நின்ன மனுஷன் எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு நிப்பாரு. அப்புறம் அவரை யாரு லேத்துல விடுவா?"

"அப்ப மறைக்கப் போறீங்களா?"

"மறைக்க மாட்டேன்" என்றாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேலை நமக்கு எதுக்கு? காரணம் என்னன்னு சொல்லத்தான் போறேன். ஆனா காரணம் இன்னும் எனக்கே முழுசாத் தெரியல."

பிறகு அவள் அறை வாசலில் போய் நின்று காலி லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தோற்றுப்போனவள் முகம் இல்லை அது. அவள் இன்னமும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். சூட்டை அளந்தவள், தேய்மானத்தை அளந்தவள், இப்போது தன் புருஷனின் மனசு எந்த நொடியில் தடுமாறியது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் கோபம் ஒரு துளி இல்லை. எனக்கு இருந்த கோபத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் பட்டறையே பற்றிக்கொண்டிருக்கும்.

"ஒரு ஸ்பானர் வேணும்" என்றாள் திடீரென்று. கொடுத்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். அவள் நேராக லேத்திடம் போனாள். கூலன்ட் குழாயின் கைப்பிடி ஒரு சின்ன நட்டில் நிற்கிறது. அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மெஷினில் எதையும் கழற்றக் கூடாது என்று முதலாளி சொன்னது என் நாக்கின் நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் லேத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். முதலாளி, சூப்பர்வைசர், நான், கடைசியில் தூண் ஓரமாக அண்ணன். காவல்காரர்கூட வாசலை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"காலையில நடந்த சோதனை தோல்விதான்" என்று ஆரம்பித்தாள் அண்ணி. "அப்படியேதான் எழுதப் போறேன். டிப் உடைஞ்சது சூட்டால இல்ல. சூடா இருக்கறப்ப நடு நடுவுல கூலன்ட் பட்டிருக்கு. கடுகு அறையில மைக்ராஸ்கோப் இருக்கு, நீங்களே பாக்கலாம்."

முதலாளி முகம் மாறியது. "அப்ப யாரோ குழாயத் திறந்திருக்காங்க" என்றார். யாரோ என்று சொன்னாலும் எல்லாக் கண்ணும் தூண் பக்கம் போயிற்று. அண்ணன் வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"அவர் திறக்கல. கை திறந்துச்சு."

"என்னம்மா பேச்சு இது? கை என்ன தனியாவா சம்பளம் வாங்குது?"

"என் தப்பு முதலாளி. எல்லாத்தையும் அளந்தேன், கைய அளக்கல. நீலம் வந்தா ஆபத்துன்னு அந்தக் கைக்கு இருபது வருஷமாத் தெரியும். நீலம் நல்லதுன்னு நான் சொன்னது காதுக்குத்தான் போச்சு."

முதலாளி நம்பவில்லை. "சொன்ன பேச்சக் கேக்காததுக்கு இப்படி ஒரு பேரா? நானும் லேத்துல நின்னவன்தான். தொடாதேன்னா தொட மாட்டேன்."

"அப்ப ஒரு தண்டு கடைஞ்சு காட்டுங்க" என்றாள் அண்ணி.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கும் உள்ளூர ஆசைதான். லேத்தைத் தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். அண்ணன் வந்து புது டிப் மாட்டிக் கொடுத்தான். "பாத்துக்கோங்க, குழாய்ப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஓட்ட ஆரம்பித்தார்.

சுருள் முதலில் வெள்ளியாக வந்தது. பிறகு வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு. லேசாகப் புகை எழுந்து மேலே குழலுக்குள் போனது. சுருள் ஊதாவாகி நீலமாயிற்று. முதலாளியின் கண் வெட்டுகிற இடத்திலேயே இருந்தது. அவர் இடது கை மட்டும் மெல்லக் கிளம்பியது. யாரும் அழைக்காமல், அவரைக் கேட்காமல், நேராகக் கூலன்ட் குழாய்க்குப் போனது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் விரல்கள் காற்றைப் பிடித்துத் திருகின. ஒன்றும் வரவில்லை என்று மறுபடியும் திருகின. அவருக்கு அது தெரியவே இல்லை. காவல்காரர் களுக்கென்று சிரித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்தார்.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான். லேத்தை நிறுத்தினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கையோ என்பது போல. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் மெதுவாக.

அப்போது தூண் ஓரத்திலிருந்து அண்ணன் முன்னால் வந்தான். "நான் திறந்தேன் முதலாளி. ஒரு தடவை இல்ல. நீலமா வர்றப்ப எல்லாம் திறந்தேன். டிப் தவிக்குதேன்னு மனசு கேக்கல. கை போனதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, உடனே மூடினேன். திறந்தது தப்பு, மூடினது அதவிடத் தப்புன்னு இப்பத்தான் புரியுது." அண்ணியைப் பார்த்து, "உன் முகத்தப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல" என்றான்.

"சொல்லிட்டீங்கல்ல" என்றாள் அவள். அவ்வளவுதான்.

முதலாளி சூழ்நிலையை லேசாக்க நினைத்தார் போலிருக்கிறது. தான் கடைந்த தண்டை என்னிடம் நீட்டினார். "கடுகு, அளந்து சொல்லு. கை இன்னும் இருக்கா, போயிடுச்சா?"

"சூடா இருக்கு முதலாளி, ஆறட்டும்" என்றேன். எல்லோரையும் காக்கவைத்து, ஆறவைத்து, அளந்தேன். பிறகு தண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "ஒரு முடி கூடுதல். எடுக்க முடியாது."

சூப்பர்வைசர் பயத்தில் கூரையைப் பார்த்தார். முதலாளி என்னை முறைத்தார், பிறகு அவரே முதலில் சிரித்தார். "சரி. கைப்பிடி இல்லாமலே ஓடட்டும். மத்தியான ஷிப்ட் முழுக்க. டாக்டரம்மா பக்கத்துல நிக்கலாம். எதையும் கழட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல, அத மறந்துட்டதா வச்சுக்கறேன்."

மத்தியானம் முழுக்க அண்ணன் கடைந்தான். அண்ணி ஒரு பக்கமாக நின்று பார்த்தாள், சுருளை அல்ல, அவன் இடது கையை. ஆரம்பத்தில் நீலம் வரும்போதெல்லாம் அது குழாய்க்குப் போய்த் தடவிவிட்டு ஏமாந்து திரும்பியது. போகப் போகப் பாதி வழியில் நின்றது. கடைசியில் கிளம்பவே இல்லை. அன்று அவள் ஆராய்ச்சிக் குறிப்பில் சூடு, வேகம், தேய்மானம் என்கிற வரிசைகளோடு, கை என்று புதிதாக ஒரு வரிசையும் சேர்ந்துவிட்டது. இரும்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது. எழுதாவிட்டால் அது அவர்கள் நஷ்டம்.

மணி அடித்ததும் டிப்பைக் கழற்றி என் மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். ஓரம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. ஒரு வெடிப்புகூட இல்லை. தண்டுகளை எல்லாம் நான் அளந்தேன், எதையும் திருப்பி அனுப்பவில்லை. "நல்லா இருக்கு அண்ணி" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நம்பாமல் அவள் என்னைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. உங்கள மாதிரி ஒருத்தி எனக்கு அண்ணியா வந்தது எங்க அண்ணன் சுருள் பொறுக்கின புண்ணியம்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பட்டறையில் கடுகு அழுதாள் என்று அதை ஒரு வாரம் பேசினார்கள்.

ஸ்டோருக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பெரிய லேத்தின் அடித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அடுத்த லேத்துக்கும் மூக்கு மாட்ட முதலாளியே போய் அண்ணியிடம் கேட்டார். இனி மாட்டுகிற எந்த லேத்திலும் முதலில் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வேண்டும் என்பது அவள் போட்ட முதல் விதி. கழற்றின முதல் கைப்பிடி இன்னும் அவள் கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கிறது.

அண்ணன் கை ஆற நாள் பிடித்தது. முதலில் சிவப்பு அடங்கியது, பிறகு வெடிப்பு மூடியது, பிறகு குழந்தைத் தோல் மாதிரி மெல்லிசாகப் புதுத் தோல் வந்தது. அப்போதும் அவன் கைகளைப் பையிலேதான் வைத்திருந்தான். அதுவும் பழகிப்போன கை அல்லவா? அண்ணி ஒன்றும் கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. காத்திருக்க அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் மூன்று பேருமாக வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். அவர்கள் முன்னால், நான் பின்னால். மளிகைக் கடையைத் தாண்டியதும் அண்ணன் சூப்பர்வைசரைப் பற்றி ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கதையின் நடுவிலேயே அவன் இடது கை பையிலிருந்து கிளம்பியது. அவனுக்குத் தெரியாமல், அவனைக் கேட்காமல், பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கதை நிற்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு அடி தப்பாக வைத்தாள், பிறகு சரியாக நடந்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா?

"அண்ணா, இது தெரு. ஞாபகம் இருக்கா? கையப் பிடிச்சிட்டு நடக்கற."

அவன் திரும்பித் தன் கையைப் பார்த்தான். அது இருக்கிற இடத்தைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"நான் பிடிக்கல" என்றான். "கை பிடிச்சுது."